புன்செய்க் குடும்பமும் புல்வெளிக் குடும்பமும்

அமெரிக்க முன்னோடி உழவன் என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் திரைப்படங்கள் தந்தது. துணிக்கூரையிட்ட வண்டி, தோளில் துப்பாக்கி, அடிவானம் வரை புல்வெளி, அதனை நோக்கியபடி நிற்கும் ஓர் ஆடவன். இந்தச் சித்திரத்தில் உழவு இல்லை, குடும்பமும் இல்லை. அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் சார்லஸ் இங்கல்ஸ் என்ற மனிதரின் வரலாற்றைப் படிக்கலாம். அவர் தலைவர் அல்லர், வீரர் அல்லர், பெரும்பண்ணைக்காரரும் அல்லர். கடன்பட்டு, ஊர்விட்டு ஊர் மாறி, பெரும்பாலான முயற்சிகளில் தோற்றுப்போன ஒரு சாதாரண உழவர். ஆயினும் அவர் குடும்பம் எந்த ஆண்டில் எந்த ஓடைக்கரையில் இருந்தது, எந்தக் கோடையில் யார் யாருக்குக் காய்ச்சல் கண்டது என்பது வரை இன்று நமக்குத் தெரிகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் புன்செய்ச் சிற்றூர்களிலிருந்து தமிழ் இலக்கியம் படிக்க வரும் மாணவர்களிடம், உங்கள் கொல்லையை முதன்முதலில் திருத்தியவர் யார் என்று நாம் கேட்பதுண்டு. பெயர் சொல்வோர் சிலர் இருப்பர். கதை சொல்வோர் மிகக் குறைவு. பல்லாயிரம் கல் தொலைவில் வாழ்ந்த இங்கல்ஸின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படிச் செய்தார்கள் என்பதை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். நம் கிணற்றை வெட்டியவர்கள் யார் என்பதற்கு நூலகத்தில் பதில் இல்லை. இந்த நிலை எதனால் வந்தது, இனி என்ன செய்யலாம் என்பவை பற்றியே இக்கட்டுரை.

முதலில் அந்தக் குடும்பத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சார்லஸ் இங்கல்ஸ் 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 1860இல் பள்ளி ஆசிரியையாக இருந்த கரோலைனை மணந்தார். விஸ்கான்சின் காட்டுப் பகுதியில் வாழ்ந்த காலத்தில், 1867இல், இரண்டாம் மகளாக லாரா பிறந்தாள். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் என்று சொன்னது. அந்தக் காலத்தின் நிலப்பசிக்கு இச்சட்டம் ஓர் அடையாளம். ஆனால் 1869இல் இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸ் புல்வெளிக்கு வண்டி கட்டியபோது சென்று அமர்ந்த இடம் அச்சட்டத்துக்கு உட்பட்டதே அன்று. அது ஓசேஜ் பழங்குடி மக்களின் நிலம். அங்கே மரவீடு கட்டி, கிணறு தோண்டி, உழுது வாழ்ந்தார்கள். 1870இல் மூன்றாம் மகள் அந்த வீட்டில் பிறந்தாள். குடும்பமே மலேரியாக் காய்ச்சலில் விழுந்தபோது அவர்களைக் காப்பாற்றியவர் அப்பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜார்ஜ் டான் என்னும் கறுப்பின மருத்துவர். 1871இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள்.

அடுத்து மினசோட்டா. 1874இல் ஓடைக்கரை மேட்டைக் குடைந்து அமைத்த மண்வீட்டில் குடியிருந்தார்கள். கோதுமை கதிர் பிடித்து நின்ற வேளையில் வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. 1873 தொடங்கி 1877 வரை அப்பகுதியை அழித்த படையெடுப்பு அது. சார்லஸ் கிழக்கு நோக்கிக் கால்நடையாகவே சென்று, பிறர் வயலில் அறுவடைக் கூலியாக உழைத்துப் பணம் கொண்டுவந்தார். அரசு தந்த நிவாரண மாவைப் பெறுவதற்காகத் தாம் ஏதுமற்றவர் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்தார். 1876இல் ஒன்பது மாதக் கைக்குழந்தையான ஒரே மகன் இறந்தான். அயோவாவில் ஒரு விடுதியில் வேலை பார்த்தார்கள். 1879இல் மூத்த மகள் மேரி நோயினால் கண்பார்வை இழந்தாள். அதே ஆண்டு டகோட்டாவுக்குச் சென்றார்கள். அங்கே 1880-81இல் பனிப்புயல் மாதக்கணக்கில் நீடித்து, ரயில் வராமல், ஊரே பட்டினி கிடந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு எந்திரத்தில் விதைக் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். விறகுக்குப் பதிலாக வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். 1886இல் நிலம் ஒருவழியாகப் பட்டாவானது. சில ஆண்டுகளில் அதையும் விட்டு நகருக்குள் குடிவந்து, தச்சு வேலையும் சில்லறை வேலைகளும் செய்து 1902இல் சார்லஸ் இறந்தார்.

நிலத்தை வென்ற ஒருவரின் கதையாக இதனை எவ்விதத்திலும் சொல்ல முடியாது. இவ்வாழ்க்கை இலக்கியமானதற்குக் காரணம் மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1932 தொடங்கி 1943 வரை அவர் எழுதிய எட்டு நூல்கள் உலகின் பல மொழிகளுக்குச் சென்றன. முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. அதற்கு முன் பெரியவர்களுக்காக எழுதிய தன்வரலாற்றுக் கையெழுத்துப் படியைப் பதிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். அது 2014இல்தான் அச்சேறியது. எழுத்தைச் செப்பனிட்டவர் லாராவின் மகள் ரோஸ். தாயும் மகளுமாகச் சேர்ந்து பலவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலவற்றை மறைத்தும் விட்டார்கள். மாவுக்காகத் தந்தை எழுதிக்கொடுத்த உறுதிமொழி கதையில் இல்லை. இறந்த தம்பியும் இல்லை. நம் கருத்தில், எழுதப்பட்டவற்றைக் காட்டிலும் இந்த இரண்டு மௌனங்களே ஒரு முன்னோடிக் குடும்பத்தின் மனத்தை நமக்கு அதிகம் காட்டுகின்றன.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். 1935இல் வெளிவந்த புல்வெளி நூலின் தொடக்கத்தில், அந்த நிலத்தில் மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. 17 ஆண்டுகள் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை போலும். பின்னர் ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டதன் பேரில் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறியவர்கள்' என்று மாற்றப்பட்டது. 2018இல் அமெரிக்க நூலகர் சங்கத்தின் சிறுவர் நூல் பிரிவு, வைல்டர் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரையே மாற்றிவிட்டது. விருதின் பெயரை மாற்றியது தேவையா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. அந்தச் சொல்லை மாற்றியது தேவை என்பதில் ஐயமில்லை. காடு திருத்திய கதைகளில் 'மனிதர்' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பது நம் ஊருக்கும் உரிய கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

இந்த இரு நிலங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தற்செயலானதுதான், ஆனால் சுவையானது. கிரேட்டேசியஸ் காலத்தில் அமெரிக்க நடுநிலப் புல்வெளிகளின் பெரும்பகுதி கடலுக்கடியில் இருந்தது. அரியலூரும் அவ்வாறே. சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்தது. நீளம் 18 மீட்டர். காரை ஓடைகளில் இன்றும் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடக்கின்றன. அந்தக் கடலடியின் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்ததே இப்பகுதியின் கரிசல். மழை பெய்தால் களியாகிக் கலப்பையை உள்ளே விடாது. காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் செம்மண், அங்கே முந்திரி. தெற்கே கொள்ளிடக் கரையோரத்தில் திருமானூர்ப் பகுதி மட்டும் நெல் வயல். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடி பிரிந்தது. கோப்புகள் எத்தனை முறை இடம் மாறினாலும் புரட்டாசி மழை தவறினால் விதைப்புத் தவறும் என்பதில் இரண்டு மாவட்டங்களுக்கும் வேறுபாடு கிடையாது.

இந்த நிலத்தைத் திருத்தியவர் யார்? நம் இலக்கியத்தின் பழைய விடை, அரசன் என்பது. பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டியதையும் அவன் செயலாகவே பாடுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டினான் என்று சொல்கிறோம்; மண்வெட்டி பிடித்தது அவன் கையா? அரசர்கள் போனபின் அத்தலைநகரம் காடாயிற்று. ஏரிக்கரை உடைந்து ஏரியும் காடாயிற்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்கு அக்கோயிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சோழரின் தலைநகரை மீண்டும் உழுநிலமாக்கியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. அமெரிக்கப் புல்வெளியைப்போல ஒரே தலைமுறையில் உழுது முடிக்கப்பட்ட நிலமன்று இது. போர் வரும், பஞ்சம் வரும், குடிகள் ஓடுவார்கள், முள் முளைக்கும். மறுபடி யாரோ வந்து வெட்டுவார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி 1751இல் நடந்த வாலிகண்டபுரப் போர் போன்றவை வரலாற்று நூல்களில் ஒரு பத்தி. அவ்வூர்க் குடிகளுக்கு அது எத்தனை ஆண்டுத் தரிசு என்பதை யார் எழுதினார்கள்? நம் முன்னோடி உழவர் முதன்முதலாக வந்தவர் அல்லர். மறுபடியும் மறுபடியும் வந்தவர்.

இதற்கான சான்று மொழியில் இருக்கிறது. இவ்விரு மாவட்டங்களிலும் குடிக்காடு என்று முடியும் ஊர்ப்பெயர்கள் உள்ளன. புன்செய் நிலத்துக்கே இங்கு 'காடு' என்றும் 'கொல்லை' என்றும் பெயர். 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் களையெடுக்கப் போகிறேன் என்று பொருள். மரம் போய்ப் பல தலைமுறை ஆனபின்னும் சொல் போகவில்லை.

ஆங்கிலேயர் காலத்து இரயத்துவாரி முறையில் இங்கும் ஒரு குடியேற்றச் சட்டம் இருந்தது என்றே சொல்லலாம். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுப் போட்டு, தீர்வை கட்டி, பட்டா பெறலாம். ஆனால் அங்கே 160 ஏக்கர். இங்கே சில ஏக்கர். மனு எழுதத் தெரிந்தவனுக்கும், கணக்குப்பிள்ளையைத் தெரிந்தவனுக்கும், தெருவில் இன்ன இடத்தில் பிறந்தவனுக்கும்தான் அது எளிது. நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைச் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதியபின், 1892இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்கள் பின்னாளில் யார் யார் கைக்குப் போயின என்பது தமிழ்நாடு முழுவதும் இன்னும் தீராத வழக்கு. உடையார்பாளையம், அரியலூர் ஜமீன் கிராமங்களில் கதை வேறு விதம். அங்கே 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை உழுதவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன் இருந்தது.

பட்டா கிடைத்தபின் கிணறு. புன்செய்க் குடும்பத்தின் வரலாற்றை எழுதுவதானால் கிணற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது நம் எண்ணம். கோடையில் வேலையற்ற மாதங்களில் கடப்பாரையும் கூடையுமாக இறங்கி, சில அடி மண், பிறகு சுக்கான், பிறகு பாறை. பாறை வந்தால் வெடிவைக்க ஆள் கூப்பிடவேண்டும், அதற்குக் கடன். ஒரு கோடையில் முடியாது. அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை. வீட்டு நகை முதலில் போகும்; பிறகு ஒரு துண்டு நிலம் போகும். ஊற்று வராமலே விட்ட குழிகளும் உண்டு. ஊற்று வந்தால் கவலை பூட்டுவார்கள். தோல் சாலும் வடக்கயிறும் கட்டி, மாட்டைச் சரிவில் இறக்கி நீரிறைக்கும் அம்முறையைப் பிற பகுதிகளில் கமலை என்பர். மின்மோட்டார் வந்தபின் மாடும் சாலும் போயின. ஆழ்துளைக் கிணறு வந்தபின் கிணறே போயிற்று. இன்று பாழ்ங்கிணற்றில் முள்ளை வெட்டிப் போடுகிறார்கள். இந்தக் கிணறுகளில் இறங்கி வெட்டியவர்களில் எத்தனை பேர் அந்நிலத்துக்கு உரியவர்கள், எத்தனை பேர் சேரியிலிருந்து வந்த கூலியாட்கள், அவர்களுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு குடம் எடுக்க உரிமை இருந்ததா? இதுவும் அந்த 1953ஆம் ஆண்டுச் சொல் மாற்றத்தைப் போன்றதுதான். 'எங்கள் தாத்தா வெட்டிய கிணறு' என்பதில் தாத்தா மட்டும் மனிதரா?

நல்வாய்ப்பாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தப் புன்செய்ச் சீமையில் வாழ்ந்த குடும்பம் ஒன்றைப் பற்றிய முதல்தரமான எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1855இல் பிறந்த அவருடைய இளமையின் பெரும்பகுதி அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என இங்கேயே கழிந்தது. தந்தை வேங்கடசுப்பையர் கதாகாலட்சேபம் செய்து, சிற்றூர்ச் செல்வர்களின் ஆதரவில் குடும்பத்தை நடத்தினார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் சாமிநாதையர் யாப்பருங்கலக்காரிகை கற்றார். 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன் அவருக்குத் தமிழ் ஊட்டியது இந்த வானம் பார்த்த பூமி. கட்டளைக் கலித்துறை இலக்கணத்தை அறிந்த ஓர் உழவர் அக்காலத்தில் செங்கணத்தில் இருந்தார் என்பதை நாம் அந்நூலால் அறிகிறோம். அவர் வீட்டில் எத்தனை ஏர் பூட்டினார்கள், பெண்கள் எந்நேரத்தில் எழுந்து கம்பு குத்தினார்கள் என்பவற்றைச் சொல்வது அந்நூலின் நோக்கமன்று. அது ஒரு மாணவனின் சரித்திரம். உழவனின் சரித்திரம் அன்று. குறை சொல்வதற்காக இதனைச் சொல்லவில்லை. விருந்துண்டவர் எழுதினார்; சமைத்தவரும் உழுதவரும் எழுதவில்லை என்பதைச் சுட்டுகிறோம்.

ஐயர் மாயூரத்தில் சேர்ந்து ஐந்தாண்டு கழித்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876. இங்கல்ஸ் குடும்பம் வெட்டுக்கிளிகளுக்குத் தோற்று மினசோட்டாவை விட்டுப் புறப்பட்ட அதே ஆண்டு. சென்னை மாகாணத்தில் 1878 வரை இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புன்செய்க் குடிகளில் பலர் பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். உண்மையான 'முன்னோடி' வாழ்க்கை அவர்களுடையதே. கண்டிச் சீமைக் காட்டை வெட்டி, காப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்கள் அவர்கள். அட்டைக்கடியும் காய்ச்சலும் இங்கல்ஸ் கண்டதற்குக் குறைந்தவை அல்ல. ஆனால் காடு வெட்டிய அமெரிக்கனுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. காடு வெட்டிய தமிழனுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவன் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள் தம் பாட்டன் விட்டுப்போன ஊரில் அந்நியர்களாக நின்றார்கள். உழைப்பு ஒன்றே, சட்டம் வேறு. முன்னோடி என்ற பட்டத்தை உழைப்பு தருவதில்லை, பட்டா தருகிறது என்றுகூட நாம் சொல்லத் துணிவோம்.

தமிழ் இலக்கிய மரபுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உழவு என்றால் நமக்கு மருதம், நெல், காவிரி. பள்ளு நூல்களின் உலகம் நன்செய் உலகம். அரசு விளம்பரத்திலும் திரைப்பாட்டிலும் விவசாயி நிற்பது பச்சை நாற்றங்காலில்தான். ஆனால் சங்க இலக்கியத்தில் வரகு விளையும் கொல்லையும், மழையை எதிர்நோக்கும் செம்மண்ணும் முல்லைக்கு உரியவை. பெரம்பலூர் மாணவர் முல்லைத் திணையைத் தலைவன் வரவுக்குத் தலைவி காத்திருக்கும் திணை என்று மனப்பாடம் செய்கிறார்; அது தம் கொல்லையின் திணை என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. வரகு பல்லாண்டு கெடாது. அதனால்தான் கோயில் கலசத்தில் இடுகிறார்கள். குதிரில் வரகு இருந்த வீடு ஒரு பஞ்சத்தைத் தாண்டும். இப்படிப்பட்ட அறிவு பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

புனைகதையில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த கூட்டம் காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊர் அமைக்கும் கதை. லாராவின் நூல்களுக்குத் தமிழில் இணை சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். கலையழகில் இதுவே மேல் என்பதும் நம் துணிபு. ஆனால் அது கோவில்பட்டிக் கரிசல். வெள்ளாற்றுக்கு அப்பால் இமையமும் கண்மணி குணசேகரனும் நடுநாட்டு மண்ணையும் அதன் மனிதர்களையும் எழுதிவிட்டார்கள். ஆற்றுக்கு இப்பால் சிறுகதைகள் உண்டு, கவிதைகள் உண்டு. நாலு தலைமுறைப் புன்செய்க் குடும்பம் ஒன்றை முழுதாகச் சொல்லும் நூலை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவசரம் என்னவென்றால், சாட்சி சொல்வோர் மட்டுமன்றி நிலமே போய்க்கொண்டிருக்கிறது. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகள் பின்தொடர்ந்தன. கரிசலுக்கு அடியிலிருந்த பழைய கடல், சுண்ணாம்புக் கல்லாக லாரிகளில் ஏறிற்று. கொல்லை இருந்த இடத்தில் சுரங்கக் குழி. அதில் பச்சை நிறத்தில் தண்ணீர். ஊரைத் திருத்திய கதையைச் சொல்வதற்குச் சுட்டிக்காட்ட ஒரு வரப்புக்கூட இல்லாத ஊர்கள் வந்துவிட்டன. செயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்த முனைந்தார்கள். திட்டம் வரவே இல்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் கால் நூற்றாண்டு நடந்தன. இறுதியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. அந்தக் கால் நூற்றாண்டில் விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல், கிணறு வெட்டவும் மனம் வராமல் இருந்த வீடுகளின் கதை டகோட்டாவின் பனிக்காலத்துக்கு எவ்விதத்தில் குறைந்தது?

ஆலைகளையே வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். அந்தச் சம்பளத்தில் படித்து வந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். சோளமும் வரகும் போய் மக்காச்சோளம் வந்ததையும் கண்ணீரோடு பார்க்கவேண்டியதில்லை. கோழித்தீவனத்துக்கு விலை இருக்கிறது, விளைவிக்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடிகள் பயிராக்கித் தந்த தானியம் அது. இங்கல்ஸ் வீட்டிலும் அதன் மாவுதான். 2018இல் அதனைத் தேடி அமெரிக்கப் படைப்புழுவும் வந்து குருத்தைத் தின்றது. அன்று பெரம்பலூர்க் காட்டில் நின்ற உழவரின் முகத்தை லாரா உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

இப்போது எழுதுவோர் வந்திருக்கிறார்கள் என்பதே நமக்குள்ள தெம்பு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்கள் வகுப்பின் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். லாராக்கள் இவர்களே. கோடை விடுமுறையில் ஒரு வேலையாக, வீட்டில் மூத்தவரிடம் கிணறு வெட்டிய கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்கிறோம். வருபவற்றில் பாதி, ஊர்ப்பெருமையும் சாதிப்பெருமையும். இந்நிலத்துக்கு முதலில் வந்தவர்கள் நாங்களே என்று நாலு தெருவும் எழுதுகின்றன. ஊர் வரலாறு என்ற பெயரில் அச்சாகும் சிறுநூல்களும் பெரும்பாலும் இத்தகையவையே. பச்சைமலையில் வாழும் மலையாளி மக்கள்கூடத் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்றுதான் கதை சொல்கிறார்கள். மலைமேல் இருப்பவர்களே வந்தேறிகள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, மலையடிவாரத்தில் இருப்பவர்கள் 'ஆதி' என்று மார்தட்டுவது வேடிக்கை.

ஆனால் மீதிப் பாதியில் சில தாள்கள் வேறு மாதிரி வருகின்றன. ஒரு மாணவி, பாட்டனார் கிணறு வெட்டியதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கிணற்றுக்காகப் பாட்டியின் தோடு போனதையும், ஊற்று வந்தபின்னும் தோடு வராததையும், கடைசிவரை பாட்டி காதில் துடைப்பக்குச்சியைச் செருகியிருந்ததையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கிணற்றில் யார் யார் இறங்கினார்கள் என்று ஓரத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம் ஏழு பெயர்களோடு வந்தார். மூன்று பெயர்கள் தெற்குத் தெருவைச் சேர்ந்தவை. அப்பெயர்களைச் சொன்னது பாட்டனார் அல்லர், பாட்டி. கூலிக்குக் கூழ் ஊற்றியவர் என்பதால் அவருக்குத்தான் நினைவிருந்ததாம்.